நித்திய பூசைக்கும் ஒரு உபயகாரர் வேண்டும்: வெளிநாட்டு ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, மெல்பேர்ண் என்று பரந்திருக்கும் ஊர்ச்சங்கங்களினதும் பழைய மாணவர் சங்கங்களினதும் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ச்சங்கத்தின் கொழும்புக் கிளைக்குப் பதினொரு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். ஓய்வு பெறும்வரை தொழிலும் கணக்குப் பார்ப்பதுதான். நீங்கள் அனுப்புகிற காசு ஊருக்குப் போகிற வழியில் எங்கள் மேசையில் ஒரு இரவாவது தங்கித்தான் போகும். விலைமனு எடுப்பது, புறக்கோட்டையில் சாமான் பார்ப்பது, காசோலை எழுதுவது, லொறி பிடிப்பது, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவது எல்லாம் நாங்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வருடம் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த கணினி அறை அங்கே இருக்கிறது. அதன் திறப்பு விழா எனக்கு நல்ல ஞாபகம். வாழைமரம், நாதஸ்வரம், வரவேற்பு நடனம், பொன்னாடை, கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் பதினேழு பெயர்கள். அந்தக் கல்லை வெட்டுவித்தவன் நான். ஒரு பெயரில் 'ர' இருக்கவேண்டிய இடத்தில் 'ற' விழுந்துவிட்டது என்று கனடாவிலிருந்து இரவு ஒரு மணிக்கு அழைப்பு வந்து, திரும்ப வெட்டுவித்தவனும் நானே.

இந்த முறை போனபோது அதிபர் திறப்பைத் தேடக் கால் மணி நேரம் ஆயிற்று. கதவைத் தள்ளியதும் வௌவால் மணம். இருபது கணினிகளும் வரிசையாக இருந்தன. இரண்டு விசைப்பலகைகளில் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை. யூபிஎஸ் பற்றறிகள் எல்லாம் செத்துவிட்டன. ஏசி இருந்தது, அதன் மேல் அணில் கூடு. கணினி படிப்பித்த ஆசிரியை இடமாற்றம் கிடைத்துப் போனபிறகு பதிலுக்கு யாரும் வரவில்லை. கரண்ட் பில் ஏறியதும் அதிபர் அறையைப் பூட்டிவிட்டார். "சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே, சேர்?" என்று கேட்டேன்.

"கட்டடம் தந்தவையிட்ட கரண்ட் பில்லையும் கட்டுங்கோ எண்டு எந்த வாயாலை கேக்கிறது, ஐயா?" என்றார் அவர்.

திரும்பி வருகிற பஸ் முழுக்க அந்த வார்த்தை காதில் நின்றது. கூச்சப்பட்டது அவர், ஆனால் அந்தக் கூச்சத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள். வீட்டுக்கு வந்து பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பந்தல், ஒலிபெருக்கி, மதியச் சாப்பாடு, நினைவுச்சின்னம், விருந்தினருக்கு வான், கல், திரும்ப வெட்டிய கல். அன்றைக்கு ஒரு நாளில் நாங்கள் செலவழித்ததை வைத்து, அந்த ஊரிலேயே கணினி டிப்ளோமா முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு மேல் மாதக் கொடுப்பனவு கொடுத்திருக்கலாம். பற்றறியும் மாற்றியிருக்கலாம்.

இதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தரவேண்டியதில்லை. எங்கள் கோயில்களில் இந்தக் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. கோபுரம் கட்ட ஒருவர் வருவார், கும்பாபிஷேகத்துக்கு ஒருவர் வருவார், தேர் செய்ய ஒருவர் வருவார். விளக்குக்கு எண்ணெய்? ஐயருக்குச் சம்பளம்? மத்தியானப் பூசைக்கு ஒரு கொத்து அரிசி? அதற்குத்தான் பெரியவர்கள் நித்திய பூசைக்கென்று வயலும் தோட்டமும் எழுதிவைத்தார்கள். பிற்காலத்தில் அது வங்கியில் நிலையான வைப்பாக மாறியது. ஏழாம் திருவிழா இன்ன குடும்பத்து உபயம் என்றால், பேரப்பிள்ளை நோர்வேயில் பிறந்து தமிழ் தடுமாறினாலும் அந்த நாளுக்குரிய காசு வந்து சேர்ந்துவிடும். பூசை நின்றுபோன கோயிலுக்குக் கோபுரம் கட்டுகிறவர் உண்டா? பள்ளிக்கூடத்துக்கு மட்டும் நாங்கள் கோபுரமாகக் கட்டிக்கொண்டே போகிறோம்.

ஊர்க்கோயிலை விடுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு 30 இலட்சம் கனடிய டொலர். உங்களில் பலர் அதற்குக் கொடுத்திருப்பீர்கள். அந்தக் காசில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. முதலைத் தொடாமல், அதன் வருமானத்தில் ஒரு பேராசிரியருக்கு என்றென்றைக்கும் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு அது. பணக்காரப் பல்கலைக்கழகம் கேட்டபோது உடனே விளங்கிய இந்த விஷயம், வன்னிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொண்டர் ஆசிரியை என்று நாங்கள் கேட்டால் ஏன் விளங்குவதில்லை?

சரி, நித்திய நிதி ஒன்று வைப்போம் என்று நீங்கள் முன்வந்தால் கணக்குக்காரனாக ஒரு வார்த்தை. முதலை இங்கே ரூபாயில் போட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. எங்கள் புலமைப்பரிசில் வைப்பு அப்போது ரூபாயில்தான் இருந்தது. புத்தகத்தில் ஒரு சதம் குறையவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் மாத போர்டிங் செலவுக்குப் போதுமாக இருந்த வட்டி அரை மாதத்துக்கும் போதாமல் போயிற்று. ஆகவே முதல் உங்களிடம், உங்கள் நாணயத்தில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை செலவை மட்டும் அனுப்புங்கள். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பதிவு செய்த அறநிலையத்துக்கு வருமானவரி கட்டுகிற ஒருவர் 100 பவுண் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் மூலம் அரசாங்கம் 25 பவுண் சேர்த்துக் கொடுக்கிறது. இருபது வருடமாக இயங்கியும் இன்னும் பதிவு செய்யாத சங்கங்கள் அங்கே இருக்கின்றன. ஏன் என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

காசு வருகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் காசு மாற்றுகிற உண்டியலைப் பற்றித் தர்ம உபதேசம் செய்ய நான் வரவில்லை. 2021இலும் 2022 தொடக்கத்திலும் வங்கி ஒரு விலையும் வெளியில் இன்னொரு விலையுமாக இருந்தபோது, மாதாமாதம் மகன் அனுப்புகிற காசில் அடுப்பெரிக்கிற தாய் எந்தப் பக்கம் போவார்? நாடே அப்படித்தான் போயிற்று. 2020இல் வங்கி வழியாக 710 கோடி டொலர் அனுப்பிய வெளிநாட்டு உழைப்பாளிகளின் காசு 2022இல் 380 கோடிக்குக் கிட்ட இறங்கியது. வீட்டுக் காசு வேறு, சங்கக் காசு வேறு. சங்கக் காசு வங்கியால் மட்டும்தான் வரவேண்டும். 2014இல் புலம்பெயர் அமைப்புகள் பலவற்றை வர்த்தமானியில் போட்டுத் தடை செய்தார்கள். 2015இல் சிலவற்றை எடுத்தார்கள், 2021இல் திரும்பப் போட்டார்கள், 2022இல் திரும்பவும் சிலவற்றை எடுத்தார்கள். எந்தப் பெயர் எந்த வருடம் பட்டியலில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் அங்கே சூம் கூட்டத்தில் வீராவேசமாகப் பேசிவிட்டுப் படுத்துவிடுவீர்கள். கேள்வி கேட்க வருகிறவர்கள் காலையில் வந்து நிற்பது இங்கே பொருளாளர் வீட்டு வாசலில். அப்போது என்னிடம் வங்கிக் கூற்றும் பற்றுச்சீட்டும் இருக்கவேண்டும். வேறு எதுவும் என்னைக் காப்பாற்றாது.

இனிக் கொழும்புக்கு வருகிறேன். வெள்ளவத்தை என்றால் உங்களுக்குக் கல்யாண மண்டபமும், சேலைக் கடையும், லீவில் வந்தால் தங்குகிற அப்பார்ட்மென்டும்தான் நினைவுக்கு வரும். விடிய ஐந்து மணிக்குக் காலி வீதியில் நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் வந்து ஆட்களை இறக்கும். அதில் யார் நோயாளி வீட்டார் என்று எனக்கு இப்போது தூரத்திலேயே தெரிந்துவிடும். மடங்கக்கூடாது என்று மார்போடு அணைத்துப் பிடித்த பெரிய மண்ணிற உறை ஒன்று. மற்றக் கையில் பிளாஸ்டிக் கூடை. அதற்குள் சுடுதண்ணிப் போத்தல், ஒரு போர்வை, பிஸ்கட். இறங்கியதும் நடக்கத் தொடங்கமாட்டார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள்.

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை, பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பைவிட இப்போது கொஞ்சம் ஆறுதல், அதையும் சொல்லவேண்டும். 2011இல் தெற்கே தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறைவரை சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்து காசு திரட்டித் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பினார்கள். அதனால் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த இரவு பஸ் மிச்சம். ஆனாலும் எல்லாச் சிகிச்சையும் அங்கே இல்லை.

முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். ஒன்பது வயது மகனுக்கு வைத்தியம். ஒருநாள் கிளினிக்குக்குக் கூடப் போனேன். அன்றைக்கு வரிசையில் எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். தாதி நல்ல பிள்ளை, சிரித்த முகம். அவருக்குத் தமிழ் வராது, இவருக்குச் சிங்களம் வராது. தாதி விரலை மடக்கி, உயர்த்தி, எத்தனை மாத்திரை எத்தனை வேளை என்று காட்டுகிறார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். வெளியே வந்து, "என்னம்மா சொன்னவ, விளங்கினதோ?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, திரும்பத் திரும்பக் கேட்டா பிள்ளையைக் கவனிக்கமாட்டினமோ எண்டு பயமா இருக்கு" என்றார். மாத்திரை உறையில் இருந்ததை நான் வாசித்துத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். இரவு ஒன்று என்பதை அவர் ஒரு நாளைக்கு ஒன்று, காலையில் என்று நினைத்திருந்தார்.

வைத்தியம் இலவசம். டொக்டருக்கும் ஒரு சதம் கொடுக்கவேண்டியதில்லை. இந்த நாட்டில் இன்னும் பெருமையாகச் சொல்லக்கூடிய விஷயம் அது. ஆனால் பத்து நாள் கழித்து வா என்றால் அந்தப் பத்து நாளும் எங்கே இருப்பது? லொட்ஜில் ஒரு நாள் வாடகை அந்தத் தாயின் ஒரு நாள் கூலியைவிட அதிகம். போய் வருவதென்றால் பஸ் காசு, அதோடு மருந்து ஏற்றிய பிள்ளைக்கு இரவு முழுக்கச் சத்தி. வைத்தியத்தை நடுவில் விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். காசில்லாமல் போனார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. பதிவேட்டில் 'வரவில்லை' என்று மட்டும் இருக்கும்.

எங்கள் கிளை மூன்று வருடமாக வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறது. நாலு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு குளிர்சாதனப் பெட்டி. கூட்டித் துடைத்துத் திறப்பு வைத்திருக்க ஒரு அக்கா. கிளினிக் நாளில் மொழிபெயர்க்கக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும். இவ்வளவுதான் ஏற்பாடு. இதற்கு உதவி கேட்டு உங்கள் கிளைகளுக்கு எழுதினேன். மூன்று இடத்திலிருந்து பதில் வந்தது. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "வாடகைக்குக் கொடுத்தால் காசு கரைந்துபோகும். சொந்தமாகக் காணி வாங்கி மாடி கட்டினால் சங்கத்தின் பெயரும் நிற்கும்."

வெள்ளவத்தையில் இன்றைக்கு ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். விசாரிக்க முன் ஒரு கதிரையில் இருந்துகொள்ளுங்கள். அந்த மாடி கட்டி முடிவதற்குள் எத்தனை பிள்ளைகளின் வைத்தியம் முடிந்துவிடும், எப்படி முடிந்துவிடும் என்பதையும் யோசியுங்கள். காசு கரையும் என்பது உண்மைதான். சோறும் கரையும். சாப்பிட்டவன் எழும்பி நடந்தால் கரைந்தது வீணா?

படத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கொப்பி கொடுத்தால் படம், சைக்கிள் கொடுத்தால் படம், அரிசிப் பொதி கொடுத்தால் நாலு பேர் சேர்ந்து பொதியைப் பிடித்தபடி படம். கொடுத்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்ற உங்கள் நெருக்கடி எனக்கு விளங்குகிறது. எட்டாம் வகுப்பில் எங்கள் சங்கத்தின் சைக்கிள் வாங்கிய ஒரு பிள்ளை இப்போது மொறட்டுவையில் பொறியியல் படிக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாமா, அந்தப் படம் இன்னும் சங்கத்தின்ரை பேஸ்புக்கிலை கிடக்கு. எடுத்துவிடச் சொல்லுறீங்களோ?" செருப்பில்லாமல் நிற்கிற படம் அது. எடுத்துவிட்டோம், இரண்டு கிழமை ஆயிற்று, பாஸ்வேர்ட் வைத்திருந்தவர் டென்மார்க்கில் லீவில் நின்றதால். இனிமேல் படம் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். அதற்குப் பதில் மாதாமாதம் வங்கிக் கூற்றும் பில்லும் அனுப்புகிறேன். சுவாரசியமாக இருக்காது, ஆனால் கணக்கு இருக்கும்.

எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் சில குழுக்கள் காசை விழுங்கியது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே கிணற்றுக்கு மூன்று நாட்டிலிருந்து காசு வாங்கியவர்களும் உண்டு. மூன்று நாட்டுக் கிளைகளும் ஒன்றோடொன்று பேசாததால்தான் அது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதற்கு மருந்து, பதிவு செய்த அமைப்பும் வெளியார் கணக்காய்வும். பள்ளிக்கூடக் காரியமென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். மற்றதற்கு, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தில் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகவோ பதியலாம். கடதாசி வேலை அலுப்புத்தான். செய்து தர இங்கே ஓய்வு பெற்ற கிழவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம்.

'ஊர்' என்ற சொல்லையும் கொஞ்சம் அகலமாக்குங்கள். அறையில் தங்க வருகிறவரிடம் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் திறப்புக் கொடுக்கவேண்டுமா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் மண் சரிந்து குடும்பம் குடும்பமாகப் போனபோது, எங்கள் யாப்பில் இடமில்லை என்று ஒரு கிளை எழுதியது. யாப்பு நாங்கள் எழுதியதுதானே, மாற்றலாம்.

வருகிற ஞாயிறு சூம் கூட்டம். லண்டனில் பின்னேரம் நாலரை, ரொறன்ரோவில் முற்பகல் பதினொன்றரை, இங்கே இரவு ஒன்பது. மெல்பேர்ண்காரர் பாவம், நடுச்சாமம் தாண்டி ஒன்றரை. நிகழ்ச்சிநிரல் வந்தது, பார்த்தேன். நாலாவது விடயம் ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு. வரைபடம் அழகாகத்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் யானை. அதை ஐந்தாவதாகத் தள்ளிவிட்டு, நாலாவதாக ஒரே ஒரு வரி சேர்க்கும்படி கேட்கிறேன்: இனிச் சேர்க்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபத்தைந்து, சம்பளம், வாடகை, பில், பழுதுபார்ப்பு என்ற கணக்குக்கு. அதில் முதலாவதாக அந்தப் பள்ளிக்கூடத்தின் கரண்ட் பில்லையும் ஒரு தொண்டர் ஆசிரியையின் கொடுப்பனவையும் எழுதுங்கள். அதிபரிடம் நான் பேசுகிறேன், அவர் கேட்கத் தேவையில்லை.

இரண்டாவதாக அறை வாடகை. வீட்டுக்கார அம்மா நல்லவர்தான், ஆனால் ஐந்தாம் திகதிக்கு மேல் பொறுக்கமாட்டார். முல்லைத்தீவுத் தாய்க்கும் மகனுக்கும் அடுத்த கிளினிக் எட்டாம் திகதி. ஏழாம் திகதி விடிய வந்து இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
கொழும்புக் கிளையின் முன்னாள் பொருளாளர்

பிற்குறிப்பு: மருந்துப் பெட்டிகளும் பழைய உடுப்பு மூட்டைகளும் கேட்காமல் அனுப்பவேண்டாம். 2022இல் நல்ல மனதோடு வந்த ஒரு பெட்டியில் பாதி மருந்துக்கு இரண்டு மாதம்தான் ஆயுள் இருந்தது. நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்கு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எது தேவை என்று வைத்தியசாலையிடமே கேட்டுப் பட்டியல் வாங்கித் தருகிறேன். குளிர்காலக் கோட்டுகள் இன்னும் பதினாலு எங்கள் வீட்டு மேல்மாடியில் கிடக்கின்றன. நுவரெலியாவுக்குப் போகிற யாராவது இருந்தால் சொல்லுங்கள்.